பார்க்கிறேன், தெரிகிறது, கேட்கிறது: ஐம்புலன் வினைகளும் ஆங்கிலக் காலமும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பையரோடு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாரோடு, பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள், கோவையில் இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள், வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குத் தேர்வு எழுதுபவர்கள் எனப் பலருக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் ஒரே இடத்தில் தடுக்குகிறது. காண்பது, கேட்பது, முகர்வது, சுவைப்பது, தொட்டு உணர்வது ஆகியவற்றைச் சொல்லும் வினைகள்தான் அந்த இடம். மற்ற வினைகளுக்குப் படித்த கால விதி இவற்றிடம் செல்லுபடியாவதில்லை. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள், காதில் தங்கும்.

வீடியோ காலில் ‘ஐ ஆம் சீயிங் யூ, ஆர் யூ ஹியரிங் மீ?’ என்று கேட்டேனுங்க. தப்புங்கறாங்க. இப்போ நடக்கிறதுதானே, கன்டினியூவஸ்தானே வரணும்?

‘ஐ கேன் சீ யூ, கேன் யூ ஹியர் மீ?’ என்பதுதான் சரி.

பள்ளியில் ‘இப்போது நடந்தால் பிரசன்ட் கன்டினியூவஸ்’ என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். அது பாதி விதி. ஒரு செயலை ஒருவர் தொடங்கி, செய்துகொண்டே இருந்து, இன்னும் முடிக்காமல் இருக்கிறார் என்று காட்டத்தான் கன்டினியூவஸில் வினையின் கடைசியில் ‘இங்’ வருகிறது. கண்ணில் படுவதும் காதில் விழுவதும் நாம் செய்கிற செயல் இல்லை. கண் திறந்திருந்தால் தெரியும், அவ்வளவுதான். தொடங்கவோ நிறுத்தவோ நமக்கு அங்கே வேலை இல்லாததால் ஆங்கிலம் அதை ஒரு நிலையாக எடுத்துக்கொள்கிறது. நிலைக்கு ‘இங்’ சேராது.

இந்த வேறுபாடு தமிழ் பேசும் எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதே வீடியோ காலில் ஈரோட்டு அத்தையிடம் என்ன கேட்பீர்கள்? ‘கேக்குதுங்களா? நான் தெரியறேனுங்களா?’ என்பீர்கள். ‘கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று யாரும் கேட்பதில்லை. அத்தை ‘எனக்கு நல்லாக் கேக்குது’ என்பார். அங்கே ‘நான்’ இல்லை, ‘எனக்கு’ இருக்கிறது. நான்காம் வேற்றுமை என்று பள்ளியில் படித்த அந்த ‘கு’தான் இங்கே வழிகாட்டி.

‘எனக்கு’ போட்டுச் சொல்ல முடிந்தால் ‘இங்’ வேண்டாம். ‘நான்’ போட்டு, வேண்டுமென்றே செய்வதாகவும் இருந்தால் ‘இங்’ வரலாம். எனக்குத் தெரிகிறது: ‘ஐ கேன் சீ’. நான் சாம்பிளைப் பார்க்கிறேன்: ‘ஐ ஆம் லுக்கிங் அட் த சாம்பிள்’. எனக்குப் பாட்டுக் கேட்கிறது: ‘ஐ கேன் ஹியர் எ சாங்’. நான் பாட்டுக் கேட்கிறேன்: ‘ஐ ஆம் லிசனிங் டு எ சாங்’.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘வழியில உங்க அண்ணனைப் பார்த்தேன்’ என்று சொல்கிறோம். தற்செயலாகக் கண்ணில் பட்டவர்தான், ஆனாலும் தமிழில் ‘நான்’ வந்துவிடுகிறது. அங்கே ‘எனக்கு’வை விட்டுவிட்டு, ‘வேண்டுமென்றே செய்தேனா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘ஐ ஸா யுவர் பிரதர்’.

‘கேன்’ என்றால் ‘முடியும்’தானே? ‘ஐ கேன் ஹியர்’ என்றால் என் காதின் திறமையைச் சொல்வது போல ஆகாதா?

ஆகாது. சோமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்து போன் பேசுகிறீர்கள். மறுமுனையில் இருப்பவர் ‘ஐ கேன் ஹியர் த லூம்ஸ்’ என்றால், தறிச் சத்தம் கேட்கிறது என்றுதான் பொருள். தன் காது கூர்மையானது என்று அவர் பெருமை பேசவில்லை. ஐம்புலன் வினைகளோடு சேரும்போது ‘கேன்’ தன் பழைய பொருளை விட்டுவிட்டு, ‘இந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது’ என்ற வேலையைப் பார்க்கிறது. ‘இங்’ நுழைய முடியாத இடத்தில் அதன் வேலையை ‘கேன்’ செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஐ கேன் லுக் அட் த சாம்பிள்’ என்று சொல்லிப் பாருங்கள். பொருள் மாறிவிடும்: எனக்கு நேரம் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துத் தருகிறேன். ‘லுக்’ வேண்டுமென்றே செய்யும் செயல், ஆகவே அங்கே ‘கேன்’ முழுப் பொருளோடு ‘முடியும்’ என்றே நிற்கிறது.

‘கேன்’ இல்லாத வெறும் ‘ஐ ஹியர் த லூம்ஸ்’ தப்பா? இல்லை. ‘எவ்ரி மார்னிங்’ சேர்த்தால் தினமும் கேட்கும் வழக்கம். ‘வெயிட், ஐ ஹியர் சம்திங்’ என்றால் இந்த நொடியில் காதில் விழுந்த ஒன்று. அமெரிக்கர்கள் ‘டூ யூ சீ தட் ஸ்பாட்?’ என்று ‘கேன்’ இல்லாமலே நிறையக் கேட்பார்கள், பிரிட்டிஷ் பையர் ‘கேன் யூ சீ’ என்பதை அதிகம் சொல்வார். இரண்டும் சரி. ‘ஆர் யூ சீயிங் தட் ஸ்பாட்?’ மட்டும் பழக்கமில்லாத காதை உறுத்தும்.

இறந்த காலத்தில் ‘குட் சீ’யா, ‘ஸா’வா?

‘திம்பம் மலைப்பாதையில் இருந்து சத்தியமங்கலத்தின் விளக்குகள் தெரிந்தன’ என்று எழுத வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவ்வப்போது தெரிந்துகொண்டே வந்தன என்றால் ‘வீ குட் சீ த லைட்ஸ்’. ஒரு வளைவில் சட்டென்று சிறுத்தை கண்ணில் பட்டு மறைந்தது என்றால் ‘வீ ஸா எ லெப்பர்ட்’. ‘வீ குட் சீ எ லெப்பர்ட்’ என்று எழுதினால் அது பாறை மேல் படுத்திருக்க, நீங்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஆகிவிடும்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தத்துவ அறிஞர் ஜீனோ வெண்ட்லர், 1957இல் வெளியான ஒரு கட்டுரையில் வினைகளை நான்காகப் பிரித்தார்: நிலை, தொடர்ந்து செய்யும் செயல், ஒரு முடிவை நோக்கிப் போகும் செயல், கணத்தில் நிகழ்ந்து முடிவது. இன்று ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் வரும் ‘ஸ்டேட்டிவ்’ (நிலை வினை) பேச்சுக்கெல்லாம் அந்தப் பிரிவு பெரிய துணை. ‘சீ’ இந்த நான்கில் இரண்டு பெட்டிகளில் உட்காரும் என்பதை அவரே காட்டினார். விளக்குகள் தெரிந்துகொண்டிருப்பது நிலை. சிறுத்தை கண்ணில் பட்டது கணம். ‘குட் சீ’ முதலாவதற்கு, ‘ஸா’ பெரும்பாலும் இரண்டாவதற்கு. இரண்டிலுமே ‘இங்’ வராததற்குக் காரணம் வேறு வேறு. நிலைக்குள் நடப்பதற்கு எதுவும் இல்லை. கணத்துக்குள் நடப்பதற்கு இடமே இல்லை.

இங்கே ஒரு துணைக் குறிப்பு. ஒருமுறை முயன்று சாதித்ததைச் சொல்லும்போது ‘குட்’ போடாதே, ‘வாஸ் ஏபிள் டு’ போடு என்று வகுப்பில் சொல்வோம். ஐம்புலன் வினைகளுக்கு அந்தத் தடை இல்லை. ‘லாஸ்ட் நைட் ஐ குட் ஸ்மெல் ஸ்மோக்’ முழுக்கச் சரி.

லுக், சீ, வாட்ச். லிசன், ஹியர்: எதை எங்கே போடுவது?

வேண்டுமென்றே கண்ணைத் திருப்பினால் ‘லுக்’. கண்ணில் பட்டால் ‘சீ’. நகர்கிற, மாறுகிற ஒன்றைத் தொடர்ந்து கவனித்தால் ‘வாட்ச்’. கட்டளை இட முடிவது வேண்டுமென்றே செய்வதற்கு மட்டும்தான். ஆகவே யானையைக் காட்டிக் கூவும்போது ‘லுக்!’ என்போம், ‘சீ!’ என்பதில்லை. ‘லிசன்!’ உண்டு, ‘ஹியர்!’ கிடையாது. ‘இங்’ ஏற்குமா என்று சந்தேகம் வந்தால் கட்டளையாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முகர்வது, சுவைப்பது, தொடுவதற்கு இப்படித் தனித்தனிச் சொல் இல்லையே?

அதுதான் இந்த மூன்றிலும் சிக்கல். கண்ணுக்கும் காதுக்கும் ஆங்கிலம் தனித்தனி வினைகளை வைத்திருக்கிறது. மூக்கு, நாக்கு, தோல் மூன்றுக்கும் ஆளுக்கு ஒரே சொல்தான், அதுவே மூன்று வேலை பார்க்கிறது.

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குள் நுழைகிறீர்கள். மல்லிகை வாசம் எனக்கு அடிக்கிறது: ‘ஐ கேன் ஸ்மெல் ஜாஸ்மின்’. ஒரு அம்மா பூவை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்: ‘ஷி இஸ் ஸ்மெல்லிங் த ஃபிளவர்ஸ்’. பூ வாசமாக இருக்கிறது: ‘த ஃபிளவர்ஸ் ஸ்மெல் லவ்லி’. எனக்கு, நான், அது என்று மூன்று ஆட்கள். ‘இங்’ நடுவில் நிற்பவருக்கு மட்டும்தான்.

துணியிலும் இதே கணக்கு. செக்கிங்கில் இருப்பவர் துணியைத் தடவிப் பார்க்கிறார்: ‘ஹி இஸ் ஃபீலிங் த ஃபேப்ரிக்’. விரலில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது: ‘ஹி கேன் ஃபீல் எ நாட்’. துணி மெத்தென்று இருக்கிறது: ‘த ஃபேப்ரிக் ஃபீல்ஸ் சாஃப்ட்’. ‘த ஃபேப்ரிக் இஸ் ஃபீலிங் சாஃப்ட்’ என்று மெயிலில் எழுதினால் துணிக்கு உயிர் வந்து அதுவே தன் மனநிலையைச் சொல்வது போல இருக்கும். இதை நான் கடுமையாகத் திருத்துவேன். வகுப்புக்கு வரும் மெயில்களில் அதிகம் காணும் பிழை இதுதான்.

கூடவே வரும் இன்னொரு பிழை ‘ஃபீல்ஸ் சாஃப்ட்லி’, ‘டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’. பொருளின் தன்மையைச் சொல்லும்போது வினையடை வராது. சிறுவாணித் தண்ணீரைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரர் ‘சிறுவாணி வாட்டர் டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்று சொல்லலாம். அதையே கவனமாகச் சுவைத்துப் பார்த்தார் என்றால் செயல் ஆகிவிடும்: ‘ஹி டேஸ்டட் இட் கேர்ஃபுல்லி’.

‘யூ ஆர் லுக்கிங் டயர்ட்’ என்று வெள்ளைக்காரரே சொல்கிறாரே?

சொல்வார், சரிதான். ‘அது எப்படி இருக்கிறது’ என்று சொல்லும் வகையில் ‘லுக்’கும், தன் உடல்நிலை பற்றிய ‘ஃபீல்’உம் மட்டும் ‘இங்’கை ஏற்கும். அதுவும் ஆளின் தற்காலிக நிலையைச் சொல்லும்போதுதான் இயல்பாக இருக்கும். ‘யூ லுக் டயர்ட்’, ‘யூ ஆர் லுக்கிங் டயர்ட்’ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ‘ஹவ் டூ யூ ஃபீல்?’, ‘ஹவ் ஆர் யூ ஃபீலிங்?’ அப்படியே. வார்டில் நோயாளியிடம் இரண்டாவது கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். சாம்பாருக்கு ‘இஸ் ஸ்மெல்லிங் குட்’ என்பதைத் தேர்வில் எழுத வேண்டாம், ‘ஸ்மெல்ஸ் குட்’ போதும்.

‘ஐ ஸா அன் எலிஃபன்ட் கிராஸ் த ரோட்’, ‘கிராஸிங் த ரோட்’. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் பார்த்தது ஒன்றல்ல. ‘கிராஸ்’ என்றால் யானை காட்டுக்குள் இருந்து இறங்கி, சாலையைக் கடந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது வரை முழுதாகப் பார்த்தீர்கள். ‘கிராஸிங்’ என்றால் நீங்கள் பார்த்தபோது அது நடுவழியில் இருந்தது. அப்புறம் அது கடந்து முடித்ததா, ஹாரன் சத்தத்துக்குத் திரும்பி விட்டதா என்று அந்த வாக்கியம் சொல்லாது. நேரில் பார்த்ததை விவரிக்கும் இடத்தில் இது முக்கியம். விபத்து அறிக்கையிலோ காவல் நிலையத்திலோ ‘கிராஸ்’ என்று சொல்லிவிட்டால் முழுவதையும் கண்டதாகப் பொறுப்பு ஏற்கிறீர்கள்.

இதில் பலரும் தடுமாறும் இடம் இரண்டாவது வினையின் காலம். ‘ஸா’ இறந்த காலம், அதனால் ‘கிராஸ்ட்’ போடலாமா? கூடாது. அந்த இடத்தில் இருக்கும் வினைக்குத் தனிக் காலமே இல்லை. பார்த்த நேரம்தான் அதன் நேரம். ‘ஐ வில் சீ இட் கிராஸ்’, ‘ஐ ஹாவ் சீன் இட் கிராஸ்’ என்று முதல் வினை எந்தக் காலத்தில் நின்றாலும் ‘கிராஸ்’ அசையாது.

சத்தங்களில் வேறுபாடு இன்னும் தெளிவாகக் கேட்கும். ‘ஐ ஹெர்ட் ஹிம் காஃப்’ ஒரு தடவை இருமினார். ‘ஐ ஹெர்ட் ஹிம் காஃபிங்’ இருமிக்கொண்டே இருந்தார். நர்ஸ் தேர்வு எழுதுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், நோயாளி பற்றிய குறிப்பின் பொருளே இதில் மாறும்.

இன்னும் இரண்டு செய்தி, இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஒன்று, ‘கேன்’ வந்தால் பின்னால் ‘இங்’தான் வரும்: ‘ஐ கேன் சீ ஹிம் கமிங்’. ‘ஐ கேன் சீ ஹிம் கம்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘கேன் சீ’ நடுவில் நிற்கும் பார்வை என்று முன்பே பார்த்தோம். நடுவில் நின்றுகொண்டு முழுச் செயலைக் காண முடியாது. இரண்டு, ‘ஸ்மெல்’லுக்குப் பின்னால் எப்போதுமே ‘இங்’தான்: ‘ஐ ஸ்மெல்ட் சம்திங் பர்னிங்’. ‘பர்ன்’ வராது. தீயல் வாசம் மூக்குக்கு வரும்போது எரிவது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தொடக்கத்தையும் முடிவையும் மூக்கால் காண வழியில்லை.

பாசிவ், அதாவது செயப்பாட்டு வினை, ஆக்கினால் ‘டு’ வந்து ஒட்டிக்கொள்ளும். ‘வீ ஸா த டிரைவர் என்டர் த கோடவுன்’ என்பது ‘த டிரைவர் வாஸ் சீன் டு என்டர் த கோடவுன்’ ஆகும். ‘என்டரிங்’ என்றால் மாற்றம் வேண்டாம்: ‘வாஸ் சீன் என்டரிங்’. சிசிடிவி பார்த்து அறிக்கை எழுதும் செக்யூரிட்டி ஆபீசர்களுக்கு இது அடிக்கடி வேண்டும்.

‘ஐ ஸா தட் ஹி லெஃப்ட்’ என்று ‘தட்’ போட்டால்?

‘ஐ ஸா ஹிம் லீவ்’ என்றால் அவர் கிளம்பியதைக் கண்ணாலேயே பார்த்தீர்கள். ‘ஐ ஸா தட் ஹி ஹாட் லெஃப்ட்’ என்றால் நாற்காலி காலியாக இருந்தது, பை இல்லை, கிளம்பிவிட்டார் என்று தெரிந்துகொண்டீர்கள். ‘தட்’ வந்ததும் அது பார்வையில் இருந்து அறிவுக்கு மாறிவிடுகிறது. அங்கே இரண்டாவது வினைக்குத் தனிக் காலம் உண்டு, மாற்றி எழுதத்தான் வேண்டும்.

‘நீங்க பெருந்துறைக்கு மாறிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்’ என்பதற்கு ‘ஐ ஹெர்ட்’தானே?

‘ஐ ஹெர்ட்’ போடலாம். ஆனால் ‘ஐ ஹியர் யூ ஹாவ் மூவ்ட் டு பெருந்துறை’ என்று நிகழ்காலத்தில் சொல்வதும் மிக இயல்பு. செய்தி நேற்றே காதில் விழுந்திருந்தாலும் அது இப்போது கையில் இருக்கிறது என்பதால் நிகழ்காலம். விலை ஏறிய மெயிலைப் பார்த்துவிட்டு ‘ஐ சீ தட் யார்ன் பிரைசஸ் ஹாவ் கான் அப்’ என்பதும் இந்த வகை. இந்த இடங்களில் ‘கேன்’ சேர்க்க வேண்டாம். தனியாக ‘ஐ சீ’ என்றால் ‘ஓ, புரியுதுங்க’.

அப்படியானால் ‘சீயிங்’, ‘ஹியரிங்’ எங்குமே வராதா?

வரும். ‘ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ’: டாக்டரைப் போய்ப் பார்க்கப் போகிறேன், சந்திப்பு என்பது செயல். ‘ஷி இஸ் சீயிங் சம்ஒன்’: அவர் ஒருவரோடு பழகுகிறார். இந்த வாக்கியத்தை அலுவலகத்தில் யாரைப் பற்றியும் யோசிக்காமல் சொல்லிவிடக் கூடாது. ‘த பேஷன்ட் இஸ் ஹியரிங் வாய்சஸ்’: வெளியே யாரும் பேசவில்லை, அவருக்குள் குரல் கேட்கிறது. ‘ஹி இஸ் சீயிங் டபுள்’: பொருள் இரண்டிரண்டாகத் தெரிகிறது. வெளியில் இருந்து தானாக வந்து படுவது நிலை, தனக்குள் எழுந்து நடந்துகொண்டிருப்பது நிகழ்ச்சி என்று ஆங்கிலம் பிரிக்கிறது. மறுமுனையில் பையர் பேசுவது கேட்கிறது என்று சொல்ல ‘ஐ ஆம் ஹியரிங் வாய்சஸ்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

‘ஹாவ் யூ சீன் த லேப் டிப்?’, ‘டிட் யூ சீ த லேப் டிப்?’

லேப் டிப் என்பது நிறம் சரியா என்று பார்க்கச் சாயமிட்டு அனுப்பும் சிறு துணி மாதிரி. இன்னும் பார்க்க நேரம் இருக்கிறது, இப்போது முடிவு வேண்டும் என்றால் முதலாவது. ‘நேற்று அனுப்பினோமே’ என்று குறிப்பிட்ட நேரத்தைச் சொன்னால் இரண்டாவது. ‘ஹாவ் யூ பீன் சீயிங்’ இங்கே வராது. ஆனால் பல நாளாக, பல வாயிலாக வந்துகொண்டே இருக்கும் செய்திக்கு ‘ஐ ஹாவ் பீன் ஹியரிங் கம்ப்ளெய்ன்ட்ஸ்’ அழகாகப் பொருந்தும். ஒவ்வொரு தடவையும் ஒரு நிகழ்ச்சி, அவை அடுக்கி வருவதால் ‘இங்’ உள்ளே வந்துவிடுகிறது.

இந்தியா முழுக்க ‘ஐ ஆம் சீயிங்’ என்கிறார்களே, பையர்களும் மெயிலில் ‘வீ ஆர் சீயிங்’ என்று எழுதுகிறார்களே?

நிலை வினைக்கு ‘இங்’ போடுவது இந்திய ஆங்கிலத்தின் பரவலான அடையாளம் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்குள் பேசும்போது யாருக்கும் புரியாமல் போவதில்லை, அதற்காக யாரையும் தலைகுனிய வைக்கத் தேவையில்லை. தேர்விலும் வெளிநாட்டு மெயிலிலும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பையர் எழுதும் ‘வீ ஆர் சீயிங்’ வேறு. அது கண்ணால் காண்பதைப் பற்றியது அல்ல. ‘வீ ஆர் சீயிங் மோர் ரிட்டர்ன்ஸ் திஸ் சீசன்’ என்றால் சீசன் முழுக்கத் திரும்பி வரும் பீஸ்கள் கூடிக்கொண்டே போகின்றன, அந்தப் போக்கைக் கவனித்து வருகிறோம் என்று பொருள். சாஃப்ட்வேர்க்காரர்கள் ‘ஐ ஆம் சீயிங் அன் எரர்’ என்பதும் இதன் உறவுதான்: இந்தப் பிரச்சினை இப்போதைக்கு எனக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்படி மாறிவரும் நிலைமைக்கு நீங்களும் தாராளமாக எழுதலாம். மேசை மேல் இருக்கும் ஒரு சட்டையின் காலரில் எண்ணெய்க் கறை தெரிகிறது என்றால் அப்போது எழுத வேண்டியது ‘வீ கேன் சீ அன் ஆயில் ஸ்டெயின் ஆன் த காலர்’.